எண்ணெய் வழியும் முகம், அடைபட்ட துளைகள்: தோலைப் புண்படுத்தாமல் சரிசெய்யும் வழி

நான் ஃபேஷியல் செய்கிறவள். உருப்பெருக்கி விளக்கைத் தாழ்த்தி, அடுத்தவர் மூக்கையும் நெற்றியையும் கிட்டத்தில் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. எண்ணெய் முகங்களில் அந்த வெளிச்சம் முதலில் காட்டுவது கன்றிப்போன தோலைத்தான். பளபளப்பு அப்புறம்தான் தெரியும். மூக்கின் இரு ஓரமும் தாடையும் தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருக்கும். மேலே செதில், அடியில் எண்ணெய். துளைகளோ அடைபட்டது அடைபட்டபடியே இருக்கும். இவ்வளவு பாடுபட்டும் அடைப்பு ஏன் நகரவில்லை என்று புரிந்துவிட்டால், இப்போது செய்துகொண்டிருப்பதில் பாதியை நிறுத்திவிடலாம்.

அடைப்பு எங்கே இருக்கிறது

முகத்தின் ஒவ்வொரு துளையும் ஒரு மயிர்க்காலின் வாய். அதன் பக்கத்தில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி. நெற்றி, மூக்குப் பகுதிகளில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 சுரப்பிகள் வரை நெருக்கமாக இருக்கும். அவை சுரக்கும் சீபம் என்பது டிரைகிளிசரைடு, மெழுகுத் தன்மையுள்ள எஸ்டர்கள், ஸ்குவாலீன் எல்லாம் கலந்த கொழுப்பு. துளையின் உட்சுவரும் தோல்தான். அதுவும் செத்த செல்களை உதிர்க்கும். அந்தச் செல்கள் தனித்தனியாகப் பிரிந்தால் எண்ணெயோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் சீபத்தில் குழைந்து, துளைக்குள்ளேயே கட்டியாகத் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரிவதற்குப் பல வாரங்கள் முன்பே அந்தக் கட்டி உருவாகத் தொடங்கிவிடுகிறது.

துளையின் வாய் திறந்திருந்தால் அது கரும்புள்ளி, பிளாக்ஹெட். மூடியிருந்தால் தோல் நிறத்திலேயே சின்ன முண்டு, வொயிட்ஹெட். கரும்புள்ளியின் கறுப்பை அழுக்கு என்று நினைத்துத்தான் இத்தனை பேர் தோலைத் தேய்க்கிறார்கள். அது மெலனினும், காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்த கொழுப்பும் தரும் நிறம். முகம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது வரும். அதை வைத்து உங்களை யாராவது சுத்தமில்லாதவர் என்று சொல்லியிருந்தால், அவர் சொன்னது தவறு.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மூக்கின் மேல் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், சாம்பல் அல்லது வெளிர்மஞ்சள் நிறத்தில் தட்டையாகத் தெரியும் புள்ளிகள் பெரும்பாலும் கரும்புள்ளிகளே இல்லை. அவை செபேஷியஸ் ஃபிலமென்ட். எண்ணெய் வெளியே வரும் பாதையில் எல்லோருக்கும் இருக்கும் மெல்லிய இழைகள் அவை. எண்ணெய்ச் சருமத்தில் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும், அவ்வளவுதான். பிதுக்கி எடுத்தால் ஒரு மாதத்துக்குள் மறுபடி நிறைந்துவிடும். நிஜக் கரும்புள்ளி அங்கொன்றும் இங்கொன்றுமாக, அடர்ந்த நிறத்தில், விரலால் தடவினால் மெழுகுபோல் கெட்டியாகத் தட்டுப்படும். மூக்கில் ஒட்டி உரிக்கும் ஸ்ட்ரிப்பில் வரிசையாக நிற்பவற்றைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் வந்தவை அநேகமாக இந்த இழைகளின் நுனிகள். உள்ளே இருந்த அடைப்பு அங்கேயேதான் இருக்கும்.

துளைக்குத் தசை கிடையாது. ஆவி பிடித்தால் திறக்காது, ஐஸ் வைத்தால் மூடாது. ஆவியால் மேலே உள்ள கொழுப்பு கொஞ்சம் இளகும். ஐஸால் சற்று நேரம் வீக்கம் குறையும். உள்ளே இருப்பது வெளியேறினால் துளை சிறிதாகத் தெரியும். ஆனால் பிறப்பிலேயே அமைந்த அளவை எந்த கிரீமும் மாற்றாது.

முகம் கழுவுவது

ஒரு நாளைக்கு இரண்டு முறை, அதற்கு மேல் வியர்த்தால் ஒரு முறை. போதும்.

சாதாரணக் கட்டிச் சோப்பின் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு; 7-க்கு மேல் காரம்) 9, 10 என்று இருக்கும். நம் தோலின் மேற்பரப்பு 5-ஐ ஒட்டிய லேசான அமிலத்தன்மை கொண்டது. இந்த இடைவெளியால்தான் சோப்பு போட்ட பிறகு முகம் இழுத்துப் பிடிக்கிறது. சோப்பு சேராத, 'சின்டெட்' வகைக் கட்டியோ, அதிக நுரையும் மணமும் இல்லாத ஜெல் ஃபேஸ் வாஷோ எடுத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர். விரல் நுனியால் அரை நிமிடம், ஒரு நிமிடம். துடைக்கும்போது துண்டைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

உங்கள் ஃபேஸ் வாஷ் உங்களுக்குச் சரியா என்று பார்க்க நான் எல்லோருக்கும் சொல்லும் சோதனை இது: கழுவிவிட்டு எதையும் பூசாமல் பத்து நிமிடம் சும்மா இருங்கள். பிறகு வாயை அகலத் திறந்து, சிரித்துப் பாருங்கள். கன்னம் இழுத்தால் அது உங்களுக்கு மிகக் கடுமை. கழுவிய முகத்தில் விரல் 'கீச்' என்று வழுக்காமல் நின்றால், அதைச் சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். தோல் தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் கொழுப்பையும் சேர்த்து எடுத்துவிட்டோம் என்பதே அதற்குப் பொருள்.

நாள் முழுக்க அடுப்பு வெக்கையில் நின்று வேலை செய்யும் ஒருவர் என்னிடம் வருவார். ஒவ்வொரு மணி நேரமும் முகத்தில் சோப்பு போட்டுக்கொண்டிருந்தார். எண்ணெயும் நிற்கவில்லை, எரிச்சலும் நிற்கவில்லை. எண்ணெயைச் சுரக்கச் சொல்வது ஹார்மோன்கள். ஆண், பெண் இருபாலருக்கும் உள்ள ஆண்ட்ரோஜன்தான் அதில் முக்கியம். கழுவுவதை அந்தச் சுரப்பி கவனிப்பதே இல்லை. காலையில் கழுவினால் மத்தியானம் எண்ணெய் வந்துவிடும், வரத்தான் செய்யும். அதற்கு மெல்லிய டிஷ்யூ தாளை முகத்தில் வைத்து அழுத்தி எடுத்தால் போதும். அவருக்கு அதைத்தான் சொன்னேன்: வேலை நேரத்தில் டிஷ்யூ, வேலை முடிந்ததும் ஒரே கழுவல். எரிச்சல் முதலில் அடங்கியது. அது அடங்கிய பிறகுதான் அடைப்புக்கு மருந்தே தொடங்கினோம்.

இந்த வரிசை முக்கியம். எரியும் தோலில் அமிலம் பூசக் கூடாது. முகம் கன்றியிருந்தால் இரண்டு வாரம் மென்மையான ஃபேஸ் வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மூன்றும் மட்டும். ஸ்க்ரப், சுழலும் பிரஷ், ஆல்கஹால் டோனர், சமையலறையிலிருந்து எடுத்துப் பூசும் புளிப்புச் சாறு, சோடா உப்பு எல்லாவற்றையும் ஒதுக்கிவையுங்கள். ஸ்க்ரப் தோலின் மேலேதான் உரசும். அடைப்பு இருப்பது உள்ளே. மாநிறத் தோலும் கருநிறத் தோலும் உள்ளவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். எந்த எரிச்சலும் ஆறும்போது கரும்பழுப்புத் தழும்பை விட்டுப் போகலாம். பரு ஒரு வாரத்தில் போய்விடும், அந்தத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும்.

துளைக்குள் போகும் ஒரே ஒரு பொருள்

அடைப்பை இளக்க ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என் முதல் தேர்வு சாலிசிலிக் ஆசிட். இது எண்ணெயில் கரையும் அமிலம் என்பதால் சீபம் நிறைந்த துளைக்குள் இறங்கி, ஒட்டிக்கிடக்கும் செல்களின் பிடியைத் தளர்த்துகிறது. கடைகளில் 0.5 முதல் 2 சதவீதம் வரை கிடைக்கும். கழுவிவிடும் ஃபேஸ் வாஷில் இருப்பதைவிட, பூசி அப்படியே விடும் திரவத்திலோ ஜெல்லிலோ இருப்பது நன்றாக வேலை செய்யும். ஒரு நிமிடத்தில் தண்ணீரோடு போய்விடும் பொருளுக்குத் துளைக்குள் இறங்க நேரம் எங்கே?

தொடங்கும் முன் தாடைக்குக் கீழே ஓரிடத்தில் கொஞ்சம் பூசி, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பாருங்கள். சிவக்கவில்லை, அரிக்கவில்லை என்றால் முகத்துக்குப் போகலாம். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு இரவு. பிறகு ஒன்றுவிட்டு ஒரு இரவு. அதிலேயே முகம் தெளிந்தால் அங்கேயே நில்லுங்கள்; தினமும் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கழுவி, நன்றாக உலர்ந்த முகத்தில் மெல்லியதாக, அடைப்பு வரும் பகுதி முழுக்கப் பூசுங்கள். புள்ளி புள்ளியாகத் தொட்டு வைத்தால் பயன் குறைவு. இன்று தெரியாத அடைப்புகள்தான் அடுத்த மாதம் தெரியப்போகின்றன, அவற்றையும் இப்போதே பிடிக்க வேண்டும். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் மூன்றையும் விட்டுவிடுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சாலிசிலிக் ஒத்துவரவில்லை, அல்லது தோல் நிற முண்டுகள் நெற்றி முழுக்கப் பரவியிருக்கின்றன என்றால் அடாபலின் 0.1 சதவீத ஜெல் நல்லது. இது ரெட்டினாய்டு வகை, அதாவது வைட்டமின் ஏ போலச் செயல்படும் மருந்து. செல்கள் ஒட்டிக்கொள்ளும் முறையையே உள்ளிருந்து மாற்றி, புதிய அடைப்பு உருவாகாமல் தடுக்கும். அமெரிக்காவில் 2016-இலிருந்து சீட்டு இல்லாமலே விற்கிறார்கள். பல நாடுகளில் மருத்துவர் சீட்டு வேண்டும். இரவில் மட்டும், முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு. முதல் சில வாரங்களில் தோல் உரியும், சில பருக்கள் கூடுதலாகத் தலைகாட்டலாம். பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் அந்தக் கட்டத்தில்தான் நிறுத்துகிறார்கள். மாய்ஸ்சரைசரை முதலில் பூசி, அதன் மேல் இதைப் பூசினால் எரிச்சல் குறையும். கர்ப்பத்திலும், கர்ப்பத்துக்கு முயலும்போதும் இது கூடாது.

இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். முகம் எரிந்தால் எதனால் எரிந்தது என்று உங்களுக்கும் தெரியாது, என்னாலும் சொல்ல முடியாது.

சிவந்து சீழ் வைக்கும் பருக்களும் இருந்தால் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் சேர்க்கலாம். 10 சதவீதத்துக்கு ஈடாக வேலை செய்யும், எரிச்சல் குறைவு. துண்டு, தலையணை உறை எல்லாவற்றின் சாயத்தையும் வெளுக்கும், அதனால் வெள்ளைத் துணி வைத்துக்கொள்ளுங்கள். நியாசினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம்) மென்மையானது, எண்ணெயையும் தழும்பையும் ஓரளவு குறைக்கும். ஆனால் அடைப்பை இளக்கும் வேலையை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். களிமண் மாஸ்க் பிடித்திருந்தால் வாரம் ஒரு முறை, வெடித்துக் காயும் முன் கழுவிவிடுங்கள்.

எண்ணெய் முகத்துக்கும் மாய்ஸ்சரைசர் வேண்டும்

"ஏற்கெனவே வழியுது, இதுக்கு மேல வேறயா?" என்று கேட்பார்கள். எண்ணெய் வேறு, நீர்ச்சத்து வேறு. எண்ணெய் வழியும் முகமே உள்ளே காய்ந்து கிடப்பதை நான் தினமும் தொட்டுப் பார்க்கிறேன். அமிலமோ ரெட்டினாய்டோ பூசும் முகத்துக்கு இது இல்லாமல் முடியாது. கிளிசரின், ஹயலூரோனிக் ஆசிட், செராமைடு இவற்றில் ஏதாவது இருக்கும் ஜெல் அல்லது லேசான லோஷன் போதும். டைமெத்திகோன் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த சிலிகோன் துளையை அடைப்பதில்லை.

டப்பாவில் 'நான்-காமெடோஜெனிக்', அதாவது துளையை அடைக்காதது, என்று இருந்தால் வாங்கலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. முகத்தில் பூசும் பொருள்களாலேயே வரும் பருவைப் பற்றி ஆல்பர்ட் கிளிக்மன், மில்ஸ் என்ற தோல் ஆய்வாளர்கள் இருவர் 1972-இல் எழுதினார்கள். எது துளையை அடைக்கும் என்று அந்தக் காலத்தில் முயலின் காதுக்குள் பூசித்தான் சோதித்தார்கள். முயல் காது மனித முகத்தைவிடச் சீக்கிரம் அடைபடக்கூடியது. அதனால் அந்தப் பட்டியல்களில் ஒரு பொருளுக்கு இத்தனை மதிப்பெண் என்று போட்டிருப்பதை அப்படியே முகத்துக்குப் பொருத்த முடியாது. அந்த வார்த்தைக்குப் பொதுவான ஒரே சோதனை முறையும் இல்லை. அது நல்ல அறிகுறி, உத்தரவாதம் இல்லை. புதிதாக ஒன்றைத் தொடங்கி நான்கைந்து வாரத்தில் சின்ன முண்டுகள் கூடினால், லேபிள் என்ன சொன்னாலும் அதை நிறுத்துங்கள்.

பகலில் சன்ஸ்கிரீன், எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல். முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிழிந்து எடுக்க வேண்டும். ஜெல்லாகவோ தண்ணீராக ஓடும் வகையாகவோ வாங்கினால் பிசுபிசுக்காது. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி. இதைத் தவிர்த்தால் தழும்புகள் கருத்துப்போகும். இரவில் பூசியதன் பலனும் குறையும். இரவில் இதையும் மேக்கப்பையும் எடுக்க, தண்ணீர் பட்டதும் பாலாக மாறிக் கழுவிப்போகும் கிளென்சிங் ஆயிலை உலர்ந்த முகத்தில் தடவி, பிறகு ஃபேஸ் வாஷ் போடுங்கள். எண்ணெய் முகத்தில் எண்ணெயா என்று தயங்க வேண்டாம், முழுக்கக் கழுவிவிட்டால் அது முகத்தில் நிற்காது.

முகத்தைத் தொடும் மற்றவை

அடைப்பு எந்த இடத்தில் வருகிறது என்பதை நான் முதலில் பார்ப்பேன். ஒரு பெண்ணுக்கு நெற்றியின் இடப்பக்கம் மட்டும் பொடிப்பொடியாக முண்டுகள். முன்முடியை அந்தப் பக்கம் வாரி, படிய வைக்கும் கிரீம் போட்டிருந்தார். கிரீமை நிறுத்தி, முடியைப் பின்னால் கட்டச் சொன்னேன். வேறு மருந்து தேவைப்படவில்லை. முடிக்குப் பூசுவது எதுவானாலும் மயிரோரத்தில் இறங்கும். கண்டிஷனர் போட்டுக் குளித்தால், அதை அலசிய பிறகு கடைசியாக முகம் கழுவுங்கள். தாடையில் வந்தால் ஹெல்மெட் பட்டை, முகக்கவசம். ஒரு கன்னத்தில் மட்டும் வந்தால் போன், கையூன்றி உட்காரும் பழக்கம். தலையணை உறையை வாரம் ஒரு முறையாவது மாற்றுங்கள்.

பிதுக்குவது

பிதுக்கி எடுப்பது என் தொழிலின் ஒரு பகுதி, ஆனாலும் வீட்டில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அழுத்தம் எப்போதும் மேல்நோக்கியே போகும் என்று நினைக்கிறோம். துளையின் சுவர் உள்ளுக்குள் கிழிந்தால் அந்தக் கொழுப்பெல்லாம் அடித்தோலில் பரவி, சாதாரணக் கரும்புள்ளி வீங்கிய பருவாகிவிடும். நான் செய்யும்போதும் வாய் திறந்த, தளர்ந்த கரும்புள்ளிகளை மட்டும்தான் எடுப்பேன். லேசாக அழுத்தி வரவில்லை என்றால் விட்டுவிடுவேன். அதனால்தான் முதலில் நான்கு வாரம் சாலிசிலிக் போட்டுவிட்டு வரச் சொல்கிறேன், வலிக்காமல் வரும். பியூட்டி பார்லரில் உங்கள் கண்ணில் நீர் வரும் அளவுக்கு யாராவது அழுத்தினால், நிறுத்தச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. சீழ் வைத்ததையும் ஆழத்தில் வலிக்கும் கட்டியையும் யாரும் அழுத்தக் கூடாது.

எத்தனை நாள், எப்போது மருத்துவர்

தோலின் மேலடுக்கு புதிதாக மாற ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். வயதாக ஆக இன்னும் கூடும். அதனால் ஒரு பொருளுக்கு 12 வாரம் கொடுங்கள். நான்காம் வாரத்தில் தடவினால் வழவழப்பு தெரியத் தொடங்கலாம், கண்ணாடியில் தெரிய இன்னும் நாளாகும். ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு படம் எடுத்து வைத்தால், தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் அதில் தெரியும்.

நெற்றியிலும் மயிரோரத்திலும் எல்லாம் ஒரே அளவில் இருக்கும் சின்னப் பருக்கள், அரிப்போடு, வியர்த்தால் கூடுகின்றன என்றால் அது பருவே இல்லாமல் மலசீசியா என்ற பூஞ்சையால் வந்ததாக இருக்கலாம். பருவுக்கான மருந்து அதற்குப் போதாது, தோல் மருத்துவர் பார்த்துப் பூஞ்சைக்கான மருந்து தர வேண்டும். சீக்கிரம் வெளுக்கும், சீக்கிரம் ஆறும் என்று யாரோ கொடுத்த கிரீம் ட்யூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் என்ற பெயர்களில் எதுவும் இருந்தால் அது ஸ்டீராய்டு. முதலில் மாயம் போலத் தெளியும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, ஸ்டீராய்டாலேயே பருக்கள் வெடிக்கும். பல மாதம் போட்டிருந்தால் திடீரென நிறுத்தும்போதும் முகம் கொந்தளிக்கும், ஆகவே மருத்துவர் மேற்பார்வையில் விடுங்கள்.

ஆழமான, வலிக்கும் கட்டிகள், குழி விழும் தழும்புகள், 12 வாரத்துக்குப் பிறகும் அசையாத அடைப்பு, பெண்களுக்கு மாதவிடாய் தவறுவதோடு தாடையில் முடியும் பருவும் சேர்ந்து வருவது: இவற்றில் எது இருந்தாலும் நான் கை வைக்காமல் தோல் மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன். போகும்போது முகத்திலும் தலையிலும் பூசும் ஒவ்வொரு ட்யூபையும், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையையும், நீங்கள் எடுத்து வைத்த படங்களையும் கொண்டுபோங்கள். அன்று காலை முகத்தில் எதுவும் பூசாமல் போங்கள்.